நடந்தால்தான் வழி – இங்கிலாந்துக் குன்றுகளில் கற்ற பாடம்

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வரும் நம் சங்கத்துப் பெற்றோர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. போய்வந்தவர்களைக் கேட்டால் டவர் பாலம், ராணி அரண்மனை, மெழுகுச் சிலைக் காட்சி, ஒரு கோயில் என்று பட்டியல் சொல்வார்கள். மீதி நாளெல்லாம் வீட்டுக்குள்ளேதான். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை எண்ணிக்கொண்டிருப்போம். காசு பணம் இல்லாமல் அந்த நாட்டில் அனுபவிக்கக்கூடிய பெரிய செல்வம் ஒன்று உண்டு. அது அங்குள்ள பொது நடைவழிகள். அவற்றைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். டிராலியில் போனதைவிட நடந்ததுதான் அதிகம். 2023ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் மகள் வீட்டில் இருந்தபோது, அங்குள்ள நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கண்ணில் பட்டது. 'சனிக்கிழமை காலை 10 மணி, டிரிங் ரயில் நிலையம். வழிகாட்டியுடன் நடை, 8 மைல். பெர்க்கம்ஸ்டெட் நிலையத்தில் முடியும்' என்று இருந்தது. ஒரு ஸ்டேஷனில் தொடங்கி அடுத்த ஸ்டேஷனில் முடியும் நடை என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வழிகாட்டி எழுபது வயதைக் கடந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடைசியில் யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள மஞ்சள் மேல்சட்டை அணிந்த ஒருவர். முன்னால் டிரைவர், பின்னால் கார்டு! நம் ரயில்வே முறையேதான்.

குன்றும் மண்ணும் நீரும்

லண்டனுக்கு வடமேற்கே, தேம்ஸ் கரையிலுள்ள கோரிங் என்ற ஊரிலிருந்து வடகிழக்காக ஹிட்சின் வரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர் ஓடுவது சில்டர்ன் குன்றுத்தொடர். ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்த நமக்கு இதைக் குன்று என்று சொல்வதே அதிகமாகத் தோன்றும். இதன் மிக உயர்ந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 267 மீட்டர். நாம் குடியிருக்கும் நாக்பூர் நகரமே 300 மீட்டருக்கு மேலே இருக்கிறது! ஆனாலும் இயற்கை எழில்மிக்க பகுதி என்று 1965இல் அரசு இதைச் சட்டப்படி அறிவித்துக் காத்துவருகிறது.

குன்றின் உடல் முழுவதும் வெள்ளைச் சுண்ணப்பாறை. கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி போல மென்மையானது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே இப்பாறையாக மாறின. அதனூடே ஆங்காங்கே கறுத்த சிக்கிமுக்கிக் கற்கள் புதைந்திருக்கும். கட்டடத்துக்கு உகந்த வேறு நல்ல கல் இங்கே அதிகம் இல்லை. ஆகையால் வீட்டுச் சுவர், தேவாலயச் சுவர் எல்லாம் இந்தச் சிக்கிமுக்கிக் கல்லையும் செங்கல்லையும் சேர்த்துக் கட்டியவை.

சுண்ணப்பாறையில் மழைநீர் நிற்காது; சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிடும். எனவே அடிவாரத்தில் ஊற்று உள்ள இடங்களில் ஊர்கள் எளிதில் எழுந்தன. மேட்டிலிருந்த கிராமங்கள் தண்ணீருக்குத் தவித்தன. இந்தத் தவிப்புக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாங்கள் நடந்த இடத்துக்குத் தென்மேற்கே, இதே தொடரின் மறுகோடியில் ஸ்டோக் ரோ என்ற கிராமம் இருக்கிறது. அதன் பக்கத்து ஊரைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் வட இந்தியாவில் உயர் அதிகாரியாக இருந்தபோது, தம் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைக் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. தம் செலவில் அங்கே ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார். ஆழம் 368 அடி, விட்டம் 4 அடி. முழுக்கக் கையாலேயே தோண்டியது. 1864 மே 24 அன்று, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளில், அது ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. மேலே குவிமாடம், நீர் இறைக்கும் எந்திரத்தின் மீது தங்க வண்ண யானை என்று இன்றும் நிற்கிறது. கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு வீடும், பராமரிப்புச் செலவுக்கு வருமானம் தர ஒரு செர்ரித் தோப்பும் சேர்த்தே அமைத்தார்கள். கட்டுவதோடு பராமரிப்புக்கும் வழி செய்திருக்கிறார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரே இடைவெளியில் மூன்று பாதைகள்

டிரிங் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது தண்டவாளத்தைத்தான். இங்கே குன்றுத்தொடரில் இயற்கையாகவே ஒரு தாழ்வான இடைவெளி இருக்கிறது. ரோமானியர்கள் போட்ட ஆக்மன் சாலை இதன் வழியாகத்தான் சென்றது. பிறகு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், படகுக் கால்வாய் இதே இடைவெளியில் வந்தது. அதன் பின் ராபர்ட் ஸ்டீபன்சன் லண்டன் – பர்மிங்காம் ரயில்பாதையையும் இதே வழியில் கொண்டுவந்தார். 1837இல் ரயில் டிரிங் வரை ஓடியது. 1838இல் பர்மிங்காம் வரை முழுப்பாதையும் திறக்கப்பட்டது.

அந்தக் கால எஞ்சின்களின் இழுவைத் திறன் குறைவு. அதனால் லண்டனை ஒட்டிய முதல் ஏற்றம் நீங்கலாகப் பாதையின் சரிவு 330க்கு 1 என்பதைத் தாண்டக்கூடாது என்று ஸ்டீபன்சன் வைத்துக்கொண்டார். நம் போர் காட் மலைப்பாதையில் சரிவு 37க்கு 1 என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு எவ்வளவு என்று விளங்கும். அதற்காக டிரிங்கில் இரண்டரை மைல் நீளத்துக்கு, சில இடங்களில் 60 அடி அளவு ஆழத்துக்குச் சுண்ணப்பாறையை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய கல்லும் மண்ணும் தள்ளுவண்டிகளில் மேலே ஏறின. கட்டிங்கின் சரிவில் சாய்வாகப் பலகை போட்டு, வண்டியைக் கயிற்றில் கட்டி, மேலே குதிரை இழுக்க, கீழிருந்து ஆள் வண்டியைப் பிடித்தபடியே ஏறுவான். கயிறு தளர்ந்தால் வண்டியும் ஆளும் உருள வேண்டியதுதான். ஜான் குக் போர்ன் என்ற ஓவியர் 1837இல் இக்காட்சியை நேரில் வரைந்திருக்கிறார். இந்த வேலையாட்களை ஆங்கிலத்தில் 'நாவி' என்பார்கள். இவர்கள் கதையில் மறுபடியும் வருவார்கள்.

ஆல்ட்பரி கிராமம்

டிரிங் ஊருக்கு நிலையத்திலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் போக வேண்டும். எதிர்த்திசையில் உள்ள ஆல்ட்பரி கிராமமோ ஏறக்குறைய ஒரு மைல்தான். குன்றின் அடிவாரத்தில், நடுவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றி மரச்சட்டம் கட்டிய பழைய வீடுகள், சற்றுத் தள்ளி சிக்கிமுக்கிக் கல் தேவாலயம். குளக்கரையில் தொழுமரமும் சாட்டையடிக் கம்பமும் இன்னும் இருக்கின்றன. சிறு குற்றம் செய்தவனின் கால்களை மாட்டி, ஊரார் பார்க்க உட்கார வைத்த மரம் அது. 'தொழு' என்ற சொல்லை நம் பழைய நூல்களில் படித்திருக்கிறேன். பொருளைக் கண்ணால் கண்டது அங்கேதான்.

கிராமத்தைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். இருபுறமும் பீச் மரக்காடு. வழவழப்பான சாம்பல் நிற அடிமரம். மே மாதத்தில் அப்போதுதான் விரிந்த இளம்பச்சை இலைகள். சில சரிவுகளில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் விரிந்திருந்தன. இந்தப் பூக்களை மிதித்தால் செடி மீண்டுவரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்று அம்மையார் எச்சரித்தார். எல்லோரும் வரிசையாகப் பாதையிலேயே நடந்தோம்.

ஏற்றத்தின் முடிவில் 108 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் நினைவாக 1832இல் எழுப்பியது. 1761இல் திறந்த தம் கால்வாயால் மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுசென்று, நாடெங்கும் கால்வாய் வெட்டும் ஆர்வத்தைக் கிளப்பியவர் அவர். இந்த ஆஷ்ரிட்ஜ் பண்ணை அவருடையதாக இருந்தது.

பயிருக்கு நடுவே ஒரு வழி

அடுத்த கிராமம் லிட்டில் காடஸ்டன். அதன் தேவாலயம் ஊரைவிட்டு விலகி வயல்வெளியில் தனியே நிற்கும். அந்தப் பக்கத்து வயல்களில் ஒன்றின் குறுக்கே நாங்கள் போக வேண்டியிருந்தது. வயல் முழுவதும் மஞ்சள். நம் வடநாட்டுக் கடுகு வயல்போல, அதே இனத்து எண்ணெய்ப் பயிர், மார்பளவு உயரம். வரப்போரத்தில் நட்டிருந்த கம்பத்தின் மஞ்சள் அம்பு நேரே பயிருக்குள் கை காட்டியது. பாதையைக் காணோம், விதைத்து மூடியிருந்தார்கள்.

வயல் ஓரமாகச் சுற்றிப் போனால் கால் மைல் கூடும், அவ்வளவுதான். எங்களில் இருவர் அப்படியே திரும்பினார்கள். அம்மையார் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். வரைபடத்தை விரித்தார். எதிர்க்கரையில் இருந்த அடுத்த கம்பத்தை அடையாளம் பார்த்துக்கொண்டார். பிறகு கையால் பயிரை விலக்கியபடி நேர்க்கோட்டில் உள்ளே நடந்தார். ஒருவர் பின் ஒருவராகப் பதினைந்து பேரும் நடந்தோம். மறுகரையில் திரும்பிப் பார்த்தபோது, ரயில்பாதைக்கு முளை அடித்துக் கயிறு பிடித்தது போல, மஞ்சள் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது.

விதைத்தவரின் விளைச்சலை மிதித்துவிட்டோமே என்று என் மனம் கேட்கவில்லை. அம்மையாரிடமே கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: "அந்த ஒரு மீட்டர் அகலத்தில் விதைக்க அவருக்கு உரிமை கிடையாது. இன்று நாம் சுற்றிப் போனால், நாளை வருகிறவர் நம் தடத்தைப் பார்த்துச் சுற்றிப் போவார். சில ஆண்டுகளில் இங்கே வழி இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். நான் அவரோடு சண்டை போடவில்லை. இன்று மாலை கவுன்சிலுக்கு எழுதுவேன். அவர்கள் அவருக்கு எழுதுவார்கள்." குரலில் கோபமே இல்லை. தண்டவாளத்தில் ஒரு சாவி தளர்ந்திருந்தால் கீமேன் குறித்துக்கொள்வானே, அதே தோரணை.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பொதுவழிகள் மொத்தம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். பெரும்பாலும் தனியார் நிலத்தின் மீதே செல்கின்றன. நிலம் உடையவருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. முக்கியமான விதிகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

2. மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு ஒரு வழியில் நடந்திருந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும். 1932ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இவ்விதி இன்றும் தொடர்கிறது.

3. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் தன் பொதுவழிகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதில் ஏறிய வழியை நிலத்துக்காரர் தாமாக அழிக்கவோ மாற்றவோ முடியாது.

4. வயலின் குறுக்கே செல்லும் நடைவழியை உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சமன்செய்து, தெரியும்படி வைக்க வேண்டும். பயிர் அதை மூடக்கூடாது.

இதில் இரண்டாவது விதியைக் கவனியுங்கள். நடந்ததே அங்கே ஆவணம். பட்டா, பத்திரம் எதுவும் இல்லாத ஏழைகளின் காலடிகள் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கின்றன.

ஓர் இரவில் விழுந்த வேலி

இந்த உரிமைகள் யாரும் தாராளமாகக் கொடுத்தவை அல்ல. லிட்டில் காடஸ்டனைத் தாண்டித் தெற்கே இறங்கினால் பெர்க்கம்ஸ்டெட் பொதுநிலம் வருகிறது. அங்கே ஆள் உயரத்துக்கு மேல் தலை வெட்டி வெட்டி விட்டதால் விநோதமாகக் கிளைத்துப் பருத்த பழைய பீச் மரங்களைக் காணலாம். சுற்றுவட்டாரக் குடிகள் விறகுக்காகக் கழித்த மரங்கள் அவை. நிலம் பிரபுவுடையதாக இருந்தாலும், ஆடு மாடு மேய்க்கவும் விறகும் பெரணித் தழையும் எடுக்கவும் ஊராருக்குப் பரம்பரை உரிமை இருந்தது.

1866இல் ஆஷ்ரிட்ஜ் பண்ணையை வைத்திருந்த பிரவுன்லோ பிரபுவின் தரப்பில் இந்த நிலத்தில் நானூறு ஏக்கருக்கு மேல் வளைத்து, ஐந்தடி உயர இரும்பு வேலி போட்டார்கள். வேலியில் வாயிலே கிடையாது. ஊரார் திகைத்தார்கள், பிரபுவை எதிர்த்து வழக்காட யாரிடம் பணம் இருக்கிறது? பக்கத்தில் வாழ்ந்த அகஸ்டஸ் ஸ்மித் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் முன்வந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1865இல், லண்டனில் தொடங்கியிருந்த பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் அவருக்குத் துணை நின்றது.

1866 மார்ச் 6ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் கிளம்பியது. அதில் சுமார் 120 நாவிகள். கையில் சுத்தியல், உளி, கடப்பாரை. வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரரும் துணை ஒப்பந்தக்காரரும் குடித்துவிட்டுக் கிடந்ததால், வக்கீல் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் தலைமை ஏற்க வேண்டியதாயிற்று என்பது வரலாறு. (ஒப்பந்தக்காரர்களை மேய்த்த நம் ரயில்வே அன்பர்கள் சிரிப்பது கேட்கிறது.) ஒன்றரை மணிக்கு ரயில் டிரிங் வந்தது. நாங்கள் காலையில் இறங்கினோமே, அதே நிலையம். அங்கிருந்து மூன்று மைல் இருட்டில் நடந்து, வேலையைத் தொடங்கினார்கள். விடிகிற நேரத்துக்குள் இரண்டு மைலுக்கும் மேற்பட்ட வேலி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. காலையில் செய்தி பரவி ஊரே திரண்டு வந்து பொதுநிலத்தில் நடந்தது.

பிரபு தரப்பு வழக்குப் போட்டது. ஸ்மித் எதிர்வழக்குப் போட்டார். 1870இல் தீர்ப்பு ஸ்மித்துக்குச் சாதகமாக வந்தது. வேலி மறுபடி எழவில்லை. ஊராரின் மேய்ச்சல், விறகு உரிமைக்கான வழக்குதான் அது. பொதுமக்கள் உலாவும் உரிமை சட்டமாக வந்தது பின்னாளில்தான். ஆனால் அன்று நிலம் பறிபோயிருந்தால் பின்னாளில் உலாவ இடமே இருந்திராது. பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் 1899இல் நடைவழிகளைக் காக்கும் சங்கத்தோடு இணைந்தது. அதன் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் ஹன்டர், 1895இல் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பை நிறுவிய மூவரில் ஒருவர். ஆஷ்ரிட்ஜ் பண்ணையின் பெரும்பகுதி 1926 முதல் அந்த அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. எந்தப் பிரபுவின் வேலி விழுந்ததோ, அவர் காட்டிலேயே இன்று யாரும் நடக்கலாம்.

அங்கிருந்து இறங்கினால் பெர்க்கம்ஸ்டெட் கோட்டையின் இடிந்த மதில்கள். அதை ஒட்டியே ரயில் நிலையம். மாலை நாலு மணிக்கு எல்லோரும் கைகுலுக்கிப் பிரிந்தோம்.

நமக்கு என்ன பாடம்?

எந்தப் பாதையும் தானாக நிலைப்பதில்லை. கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பதால்தான் ரயில் ஓடுகிறது. அந்த ஆசிரியை போன்றவர்கள் சம்பளமில்லாமல் அதே வேலையைச் செய்வதால்தான் நடைவழிகள் இருக்கின்றன.

நம் கிராமங்களிலும் இத்தகைய பொதுவுடைமை இருந்தது, இருக்கிறது. வண்டிப்பாதை, களம், மேய்ச்சல் புறம்போக்கு, குளக்கரை எல்லாம் அதுதான். 'புறம்போக்கு' என்பதை நாம் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். உண்மையில் தீர்வைக் கணக்குக்கு வெளியே, ஊர்ப் பொதுவுக்கும் அரசுக்கும் என்று விட்ட நிலம் அது. தனியார் நிலத்தின் மீது இன்னொருவர் நடக்கும் வழிக்கு 20 ஆண்டுப் பழக்கத்தை ஆதாரமாகக் கொள்ளும் விதி நம் நாட்டிலும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் உண்டு. அது முதலில் அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும், நாக்பூர் அடங்கிய மத்திய மாகாணமும் இருந்தன என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

எங்கள் ஊரில் ஆற்றுக்குப் போக வாய்க்கால் கரையோரமாக ஒரு வழி இருந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த வழி. பிழைப்புக்காக வீடு வீடாக ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு நடப்பாரில்லாமல் அது முள் மண்டிப்போயிற்று. இன்று ஒரு தோப்பின் கம்பிவேலிக்குள் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நினைவுக்கு வரலாம்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு, கோயிலுக்கும் குளத்துக்கும் போகும் பழைய வழியில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். வழி அடைபட்டிருந்தால் தாலுகா அலுவலகத்தில் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்னும் புல வரைபடத்தின் நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள். பொதுவழி என்று அதில் இருந்தால், அந்த ஆசிரியையைப் போலக் கோபமில்லாமல் ஒரு மனு எழுதுங்கள்.

இங்கிலாந்து போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

வழிகாட்டியுடன் நடக்கும் குழுக்களைப் பற்றி உள்ளூர் நூலகத்தில் விசாரியுங்கள். முதல் நடை 4 மைலுக்கு மேல் வேண்டாம். மழைக்கோட்டும், வழுக்காத அடிப்பாகமுள்ள பூட்சும் அவசியம், சேறு நிச்சயம். புல்வெளியில் உண்ணி ஏறும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்லுங்கள். 25,000க்கு 1 அளவிலான ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் பொதுவழிகள் பச்சைப் புள்ளிக்கோடாக இருக்கும். ஒன்று வாங்கிவிட்டால் பேரனுக்கும் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். எலுமிச்சைச் சாதமும் ஒரு பிளாஸ்க் காப்பியும் எடுத்துச் செல்லுங்கள். பீச் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதன் ருசியே தனி.